அணுக் கடிகாரம்

பண்டைத் தமிழர் நாழிகை வட்டில் கொண்டு பொழுதை அளந்தனர். அது சிறிது பிழைப்பினும் பெருங்கேடு விளைந்ததில்லை. இன்றோ, நொடியின் நுண்ணிய கூறும் பிழையாதிருத்தல் வேண்டும். ஏன்?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்கு ஒரு வண்டி செல்கின்றது எனக் கொள்வோம். அதிலுள்ள இடங்காட்டும் கருவி, செயற்கைக்கோள்கள் விடுக்கும் வானொலி அலைகளைப் பெறுகின்றது. ஒவ்வோர் அலையும் தான் புறப்பட்ட நேரத்தைத் தாங்கி வரும். வந்து சேர்ந்த காலத்தைக் கொண்டு கோளின் தொலைவைக் கருவி கணக்கிடும். நான்கு கோள்களின் தொலைவு தெரியின் வண்டியின் இடம் புலப்படும்.

வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவது. ஆதலின், கோளிலுள்ள கடிகாரம் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைப்பினும் தொலைவு 300 மீட்டர் பிழைபடும். ஏரிக்கரையிற் செல்லும் வண்டி ஏரியின் நடுவே நிற்பதாகத் தோன்றவுங்கூடும்!

இத்துணை நுட்பமாகக் காலத்தை அளப்பது அணுக் கடிகாரமே. ரூபிடியம் என்னும் தனிமத்தின் அணுவோடு இயைந்த நுண்ணலை நொடிக்கு ஏறத்தாழ 683 கோடி முறை அதிரும். அவ்வதிர்வே இக்கடிகாரத்தின் ஊசல்.

'நாவிக்' அமைப்பிற்காக நம் நாடு 2013-இல் ஏவிய முதற்கோளில், அயல்நாட்டிலிருந்து வாங்கிய மூன்று அணுக் கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் 2016-இல் பழுதுற்றன. கோள் விண்ணில் உலவியும் இடங்காட்ட இயலாதாயிற்று. அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்து அறிஞர்கள் உள்நாட்டிலேயே அணுக் கடிகாரம் ஒன்றை ஆக்கினர். 2023 மே 29-ஆம் நாள் என்.வி.எஸ்.-01 என்னும் கோள் அதனைத் தாங்கி விண்ணேகியது.

பிறர் ஆக்கிய கருவி பழுதுறின் பிறரையே நோக்கி நிற்றல் வேண்டும். தாமே ஆக்கியோர், பழுதின் காரணம் கண்டு அடுத்ததைத் திருந்தச் செய்வர் அன்றோ?