காலுக்கேற்ற கியர் லீவர்



திண்டுக்கல் மலைக்கோட்டையின் மீது ஏறி நின்று பார்த்தால், மதுரை, திருச்சி, கரூர், பழனி, வத்தலக்குண்டு, நத்தம் ஆகிய ஊர்களிலிருந்து வரும் சாலைகள் நகரை நோக்கி நெருங்குவதைக் காணலாம். அச்சாலைகளில் விடியற்காலை முதலே மோட்டார் சைக்கிள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை மூட்டையும், சிற்றூர்களின் பால் கேன்களும், கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களும் அவற்றின் மீதுதான் நகருக்குள் வந்து சேர்கின்றனர். அவற்றை ஓட்டுவோர் தம் இடது காலால் ஒரு சிறிய இரும்புக் கோலை ஓயாமல் அழுத்தியும் தூக்கியும் வருகின்றனர். அதுவே கியர் லீவர். அந்த லீவர் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? அதை நாமே மாற்றியமைக்க இயலுமா? இவ்விரண்டு கேள்விகளைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இது மிகச் சிறிய செய்தி என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஓட்டுபவரின் பாதமும் லீவரும் பொருந்தாமற்போனால் என்ன நேரும் என்பதை அறிந்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். அதை அறிவதற்கு முன், லீவர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

தொடக்க காலத்து மோட்டார் சைக்கிள்களில் கியரை மாற்றுவது கையின் வேலையாக இருந்தது. பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். கியர் மாற்ற வேண்டிய போதெல்லாம் ஓட்டுபவர் ஒரு கையை எடுத்து அதைப் பற்ற வேண்டும். 1920-களின் இறுதியில், இங்கிலாந்து நாட்டு வெலோசெட் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரால்ட் வில்லிஸ் என்பவர், காலால் கியர் மாற்றும் சீரான அமைப்பு ஒன்றை உருவாக்கினார். ஒருமுறை அழுத்தினால் ஒரு கியர் மட்டுமே மாறும். காலை எடுத்தவுடன் ஒரு வில் லீவரைப் பழைய இடத்திற்கே கொண்டுவந்து நிறுத்திவிடும். ஆகையால் ஓட்டுபவர் லீவரைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. எந்தக் கியரில் வண்டி ஓடினாலும், லீவர் எப்போதும் ஒரே இடத்தில் பாதத்திற்காகக் காத்திருக்கும். இன்று நாம் காணும் மோட்டார் சைக்கிள்களும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

லீவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் நெடுங்காலம் ஒற்றுமை இருந்ததில்லை. 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பழைய புல்லட் வண்டிகளில் கியர் வலது காலுக்கும், பின்சக்கர பிரேக் இடது காலுக்கும் உரியனவாக இருந்தன. 1960-களில் மைசூரில் செய்யப்பட்ட ஜாவா வண்டியிலோ, இடப்பக்கத்தில் இருந்த ஒரே கோல் வண்டியைக் கிளப்பும் உதைகோலாகவும் கியர் லீவராகவும் பயன்பட்டது. 1970-களின் நடுவில் அமெரிக்க அரசு கியர் லீவர் இடப்பக்கமே இருக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் உலகெங்கும் அதுவே பொது வழக்காயிற்று. எந்தப் பக்கம் என்ற கேள்வி இவ்வாறு முடிந்துவிட்டது. எவ்வளவு உயரம் என்ற கேள்வியைச் சட்டத்தாலும் தொழிற்சாலையாலும் முடித்துவிட இயலாது. ஓட்டப்போகிறவரின் பாதம் எவ்வளவு நீளம், அவர் அணிவது தடித்த பூட்சா, மெல்லிய செருப்பா என்பதை வண்டி செய்தவர் எவ்வாறு அறிவார்?

அவர் அதை அறிய முடியாது என்பதை உணர்ந்தே ஒரு வழி செய்து வைத்திருக்கிறார். எஞ்சினிலிருந்து விரல் பருமனுள்ள ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேற்பரப்பில் சுற்றிலும் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். லீவரின் துளைக்குள்ளும் அதே அளவில் பற்கள் உண்டு. இரண்டையும் கோத்து, ஒரு போல்ட்டால் இறுக்கிவிட்டால், லீவரும் தண்டும் ஒன்றாகவே திரும்பும். பற்கள் சுற்றிலும் இருப்பதால், லீவரைக் கழற்றி ஒரு பல் மேலேயோ ஒரு பல் கீழேயோ தள்ளி மாட்டலாம். தண்டில் 36 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வட்டத்திற்கு 360 பாகை; ஆகவே ஒரு பல்லுக்கு 10 பாகை. லீவரின் நீளம் 12 சென்டிமீட்டர் என்றால், ஒரு பல் தள்ளியவுடன் அதன் நுனி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரும் அல்லது தாழும். ஒரு பல்லின் மாற்றம் பாதத்திற்குப் பெரிய மாற்றம் என்பதை இக்கணக்கிலிருந்து நீங்கள் உணரலாம்.

இனி, பொருந்தாத லீவரால் விளையும் தீங்கைப் பார்ப்போம். லீவர் மிக உயரமாக இருந்தால், கியரைக் குறைக்க அதன்மேல் மிதிக்கும் பொருட்டு, ஓட்டுபவர் பாதத்தையே மிதிகட்டையிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். மிகத் தாழ்வாக இருந்தால், கியரைக் கூட்டுவதற்காகப் பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து நுனிவிரலை லீவருக்கு அடியில் நுழைக்க வேண்டியிருக்கும். இரு நிலைகளிலும் கணுக்கால் தன் இயல்பான அசைவின் எல்லையில் நின்று வேலை செய்கிறது. அதனால் அழுத்தம் பாதியிலேயே நின்றுவிடலாம். அப்போது எஞ்சினுக்குள் இருக்கும் கியர்களின் கொக்கிகள் ஒன்றோடொன்று முழுமையாகக் கோத்துக்கொள்வதில்லை. பழைய கியர் விட்டுப்போகும்; புதிய கியர் பிடித்திருக்காது. எஞ்சின் உரக்க ஒலிக்கும். சக்கரத்திற்கு அதனோடு தொடர்பு இராது. சமவெளிச் சாலையில் இது ஒரு சங்கடம் மட்டுமே. மலைச்சாலையின் இறக்கத்தில் இது ஆபத்து.

எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவனுக்கு இது நேர்ந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து திண்டுக்கல் கல்லூரிக்கு அவன் நாள்தோறும் தன் அண்ணனுடைய வண்டியில் வந்துகொண்டிருந்தான். அண்ணன் தொழிற்சாலையில் தடித்த பூட்ஸ் அணிந்து வேலை செய்தவர். அதற்கேற்ப லீவரை உயர்த்தி வைத்திருந்தார். அவர் வெளியூர் சென்றபின் வண்டி தம்பியிடம் வந்தது. அவன் அணிந்ததோ மெல்லிய செருப்பு. கணுக்கால் வலியைப் பழக்கமின்மை என்று எண்ணிப் பல மாதங்கள் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் நண்பர்களோடு சிறுமலைக்குச் சென்று திரும்பினான். அச்சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரு வளைவுக்கு முன் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்க முயன்றபோது, லீவர் பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சினின் பிடிப்பு விட்டுப்போக, இறக்கத்தில் வண்டியின் வேகம் கூடிற்று. எதிரே பேருந்து ஒன்று வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பிரேக்குகளையும் பிடித்துச் சாலையோரச் சுவரை ஒட்டி அவன் வண்டியை நிறுத்தினான். உயிருக்கு ஊறில்லை.

மறுநாள் அவனும் நானும் திண்டுக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் வண்டியைத் தொடுமுன், “தம்பி, முதல்ல வண்டி மேல ஏறி உட்காருங்க, காலைப் பார்க்கணும்” என்றார். அவன் செருப்பையும் பாதம் நின்ற நிலையையும் பார்த்தபின் ஸ்பேனரை எடுத்தார். ஒரு பல் தாழ்த்தி மாட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மாதக்கணக்காகப் பொறுத்த வலி அன்றோடு நின்றது.

திண்டுக்கல் பூட்டுத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர். 2019-ஆம் ஆண்டில் அதன் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டறையில் அமர்ந்து சாவியை அரத்தால் தேய்க்கும் கைவினைஞரை நீங்கள் பார்த்திருக்கலாம். சிறிது தேய்ப்பார், பூட்டில் நுழைத்துப் பார்ப்பார், மீண்டும் சிறிது தேய்ப்பார். சாவி திரும்பவில்லை என்று பலங்கொண்ட மட்டும் முறுக்க மாட்டார். அந்த மெக்கானிக் செய்ததும் இதே வகை வேலைதான். அதை நீங்களும் செய்யலாம்; முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக அணியும் காலணியோடு இருக்கையில் அமர்ந்து, பாதத்தை மிதிகட்டையின் மீது இயல்பாக வையுங்கள். குதிகாலை அசைக்காமல், கணுக்காலை மட்டும் சற்று மடக்கி, விரல்நுனியை லீவருக்கு அடியில் நுழைக்க முடிகிறதா? அவ்வாறே லீவரின் மேல் வைத்து அழுத்த முடிகிறதா? இரண்டும் எளிதாக இயன்றால் எதையும் மாற்ற வேண்டாம். பெரும்பாலோர்க்கு லீவரின் நுனி மிதிகட்டையின் மேற்பரப்போடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பது பொருந்தும். அதைத் தொடக்கமாகக் கொண்டு, முடிவைப் பாதத்திடம் விட்டுவிடலாம்.

மாற்ற வேண்டுமென்றால், தண்டிலும் லீவரிலும் நேர்நேராக ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். மாற்றம் பிடிக்காவிட்டால் பழைய இடத்திற்குத் திரும்ப இது வழிகாட்டும். பிறகு போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது. பெரும்பாலான வண்டிகளில் அது தண்டில் உள்ள ஒரு பள்ளத்தின் குறுக்கே செல்வதால், அது உள்ளே இருக்கும்வரை லீவர் வெளியே வராது. சுத்தியலால் தட்டக்கூடாது. லீவரை நேராக இழுத்து, பற்களில் ஒட்டிய மண்ணையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்து, ஒரே ஒரு பல் மட்டும் தள்ளி மாட்டுங்கள். போல்ட்டை உறுதியாக இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை கெட்டுவிடும். பற்கள் தேய்ந்து லீவர் தண்டின்மேல் ஆடுமானால், எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. புதிய லீவர் வாங்குவதே சரி.

சில வண்டிகளில் லீவருக்கும் தண்டுக்கும் இடையே ஒரு இணைப்புக் கம்பி இருக்கும். அதன் ஒரு முனையில் வழக்கமான வலம்புரி மரையும், மறுமுனையில் இடம்புரி மரையும் வெட்டப்பட்டிருக்கும். கம்பியை ஒரு திசையில் சுழற்றினால் இரு முனைகளும் ஒருங்கே நீளும். எதிர்த்திசையில் சுழற்றினால் ஒருங்கே குறுகும். இரு முனைகளிலும் உள்ள பூட்டு நட்டுகளைத் தளர்த்திவிட்டுக் கம்பியைச் சுழற்றினால், லீவரின் உயரத்தைப் பல்கணக்கைவிட நுட்பமாக மாற்றலாம். ஒரு நட்டு எதிர்த்திசையில் கழலும் என்பதை மறவாதீர்கள். அளவு அமைந்ததும் இரண்டு நட்டுகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். கம்பியின் மரை இரு முனைகளிலும் போதிய அளவு உள்ளே இருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சாலைகளில் மிகுதியாக ஓடுவன முன்னும் பின்னும் மிதி கொண்ட லீவர்கள். செருப்பணிந்தவர்க்கும் வெறுங்காலினர்க்கும் இவை வசதியானவை. லீவரைப் புறங்காலால் தூக்க வேண்டியதில்லை. முன்பகுதியை விரலாலும் பின்பகுதியைக் குதிகாலாலும் மிதித்தால் போதும். முற்காலக் கிணறுகளில் இருந்த ஏற்றத்தைப் போன்றது இது. ஏற்றத்தின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வது போல, இந்த லீவரின் முன்மிதியைத் தாழ்த்தினால் பின்மிதி உயர்ந்துவிடும். ஆகவே விரலுக்கும் குதிகாலுக்கும் ஒருங்கே பொருந்தும் நடுநிலையையே தேட வேண்டும்.

மாட்டியபின் சோதனை செய்யாமல் சாலைக்குச் செல்லலாகாது. நடு ஸ்டாண்டில் நிற்கும்போதே, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு கியராக மாற்றிப் பாருங்கள். சுற்றும் கையைச் சங்கிலியின் பக்கம் கொண்டுசெல்லாதீர்கள். லீவர் தன் முழு வீச்சிலும் எஞ்சின் மூடியிலோ மிதிகட்டையிலோ இடிக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் தானே நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். பின்னர் போக்குவரத்து இல்லாத திடலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சில நாள் கழித்து போல்ட்டின் இறுக்கத்தை மறுபடியும் பார்த்துவிடுங்கள். கியருள்ள வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். அவ்வயதை எட்டாத மாணவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் வண்டியை அவர்களோடு சேர்ந்து சரிபார்க்கலாம்.

எல்லா வலிக்கும் லீவரே காரணம் என்று நான் கூறவில்லை. கிளட்ச் சரியாக விடாவிட்டாலும், எண்ணெய் குறைந்தாலும், உள்ளே கியர்கள் தேய்ந்தாலும் கியர் மாறுவது கடினமாகும். லீவரைச் சரிசெய்தபின்னும் துன்பம் நீடித்தால் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

கருவி நம்மைத் துன்புறுத்தும்போது, குறை நம்மிடமே உள்ளது என்று பேசாமல் பொறுத்துக்கொள்வது நம்மில் பலரிடம் உள்ள வழக்கம். அண்ணனின் வண்டி, தந்தையின் வண்டி, பழைய வண்டி என்று கையில் வந்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அதைச் செய்தவரோ, நம் பாதத்தை அறியாவிட்டாலும், நமக்கென்றே தண்டைச் சுற்றிப் பற்களை வெட்டி வைத்திருக்கிறார். வண்டியில் ஏறுமுன் ஒருமுறை குனிந்து அவற்றைப் பாருங்கள். மாற்ற வேண்டியது ஒரு பல்தானா என்று எண்ணிப் பாருங்கள்.