நுவரெலியாவில் இரு தினங்கள்

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய 48 மைல். பஸ் வண்டி இத்தூரத்தைக் கடப்பதற்கு மூன்று மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அவசரக்காரர்களுக்கு அது பெருந்தண்டனை. கண்ணைத் திறந்து வைத்திருப்போருக்கோ பிரயாணத்தின் பாதிப் பயன் அதிலேயே கிடைத்துவிடும். இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் கடந்த பின் வண்டி வளைந்து வளைந்து ஏறுகின்றது. லபுக்கலையை அண்மும்போது காது அடைக்கின்றது; சாளரத்தின் வழியே வரும் காற்று திடீரெனச் சில்லிடுகின்றது. பெட்டியின் அடியிலே வைத்த கம்பளிச் சட்டையை மேலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்துக்கு நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள்.

2025ஆம் ஆண்டு நவம்பரிலே வீசிய டித்வா புயல் இம்மலைகளைப் பெரிதும் சிதைத்துச் சென்றது. மண்சரிவின் செந்நிற வடுக்கள் பச்சைத் தேயிலைக்கு நடுவே ஆங்காங்கே தெரிகின்றன. ஆதலால் புறப்படுமுன் பாதை நிலைமையை விசாரித்துக்கொள்வது நலம்.

நுவரெலியாவை ஆங்கிலேயர் ‘குட்டி இங்கிலாந்து’ என்றனர். அவ்வாறு ஆக்கியவர்களும் அவர்களே. 1819ஆம் ஆண்டிலே ஜோன் டேவி என்னும் வைத்தியர் இச்சமவெளியைக் கண்டு அதன் சுவாத்தியத்தைப் போற்றினார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இங்கு ஒரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததே. ஆயினும் இவ்வூருக்கு இங்கிலாந்தை மூட்டை கட்டிக் கொண்டுவந்தவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில், 1864ஆம் ஆண்டிலே, ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு புகழ் பெற்ற அதே பேக்கர்தாம். 1848ஆம் ஆண்டளவில் அவர் குடியானவர்களையும், பசுக்களையும், செம்மறிகளையும், வேட்டை நாய்களையும், விதைகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். குதிரைக்காரன் ஒருவன் குடிபோதையிலே வண்டியையும் குதிரைகளையும் மலைச்சரிவில் உருட்டிவிட்டு, தான் கூடவே விழாதது பெரும்பாக்கியம் என்று எசமானுக்குக் கடிதம் எழுதிய கதையைப் பேக்கரே தம் நூலிலே கூறுகிறார். நாம் வந்த பாதையின் வளைவுகளைப் பார்த்தால் அக்குதிரைக்காரன்மீது சிறிது இரக்கமும் பிறக்கத்தான் செய்கின்றது.

நகரைச் சுற்றிப் பார்க்க அரை நாள் போதும். 1894ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட செங்கற் தபாற் கந்தோரை முதலிற் பாருங்கள். மணிக்கூட்டுக் கோபுரமும் கூரான கூரையுமாக, ஆங்கிலக் கதைப் புத்தகத்துப் படம் போலவே நிற்கின்றது. 2023ஆம் ஆண்டிலே இதனை ஹோட்டலாக்க எழுந்த திட்டத்தை எதிர்த்துத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்ட இக்காலத்திலும் அங்கிருந்து ஒரு தபாலட்டையை வீட்டுக்கு அனுப்புவதில் தனி மகிழ்ச்சியுண்டு. எதிரேயுள்ள விக்டோரியாப் பூங்காவிலே குளிர்காலத்தில் இமயமலைப் பக்கத்துப் பறவைகள் வந்து தங்குகின்றன. அவற்றைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் தூரதர்சினியுடன் மணிக்கணக்காக நிற்பதுண்டு. 1873ஆம் ஆண்டிலே தேசாதிபதி கிரெகரி அமைத்த ஏரி பிள்ளைகளுக்கு உகந்தது. 1876ஆம் ஆண்டிலே தோன்றிய ஹில் கிளப்பைப் பற்றி ஒன்றும் கூறுவதற்கில்லை: அங்கே இராப்போசனத்துக்குக் கழுத்துப்பட்டி வேண்டும்; நான் கொண்டு போகவில்லை.

சீதா எலியாவிலே சீதையம்மன் கோவில் ஓடைக்கரையில் உள்ளது. சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் இதுவே என்பது மக்கள் நம்பிக்கை. ஓடைப் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடுகள் எனக் காட்டுவர். அதற்கப்பால் ஹக்கலைப் பூந்தோட்டம். 1861ஆம் ஆண்டிலே கொயினா மருந்துக்கான சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. உரோசா மலர்களைக் காண விரும்பும் பெண்மணிகள் இதற்கென இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்வார்களாக.

இனிச் சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். குளிர்ப் பிரதேசத்திலே பசி இரு மடங்காகின்றது என்பதை என் பிள்ளைகள் முதல் நாளே நிரூபித்துவிட்டனர். பெரிய ஹோட்டல் ஒன்றிலே மாலைத் தேநீர் அருந்தினோம். வெள்ளரிக்காய் சான்விச், சிறு கேக்குகள், பீங்கான் கூசாவிலே பொன்னிறத் தேநீர். தேநீர் மிக நன்று. விலைச் சீட்டைக் கண்டபின் அதன் சுவை சற்றுக் குறைந்தது. மறுநாள் மதியம் பஸ் நிலையத்துக்கு அண்மையிலுள்ள சைவக் கடையிலே உண்ட சோறுதான் வயிற்றையும் மனத்தையும் நிறைத்தது. லீக்ஸும் உருளைக்கிழங்கும் சேர்த்த பிரட்டல், போஞ்சிப் பால்கறி, கரட் சம்பல், பருப்பு, ரசம். அன்று காலை மண்ணிலிருந்து பிடுங்கிய லீக்ஸுக்கும், லொறியிலே இரண்டு நாள் வதங்கிக் கொழும்புக்கு வரும் லீக்ஸுக்கும் உள்ள வேற்றுமையை எழுத்திலே உணர்த்த இயலாது. சந்தையிலே கரட், கோவா, பீட்ரூட், நோக்கோல் யாவும் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. ஐரோப்பியக் காய்கறிகளை இம்மண்ணிலே பயிரிட்டுப் பார்த்த முன்னோடிகளுள் பேக்கரும் ஒருவர். மரத்தக்காளியை வாங்க மறவாதீர்கள். சீனி சேர்த்துப் பிசைந்து உண்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

தேயிலைத் தொழிற்சாலையைப் பாராமல் யாரும் திரும்புவதில்லை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றிலே நிறம் மாறவிட்டு, சூட்டிலே உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கும் முறையை அங்கே விளக்கிக் காட்டுவர். 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தொடங்கிய பயிர் இது. 1869ஆம் ஆண்டு முதலாகக் கோப்பியை இலைநோய் பற்றி அழித்ததும் மலைநாடு முழுவதும் தேயிலையாயிற்று. நுவரெலியாத் தேயிலை குளிரிலே மெதுவாக வளர்வது. சாயம் மெல்லிது, மணம் மிகுதி. இவ்வளவையும் வழிகாட்டி கூறினார். கொழுந்தைப் பறித்தவர்கள் எங்கே வாழ்கின்றனர் என்று என் மகள் கேட்டதற்கு, சாளரத்தின் வழியே தூரத்துத் தகரக் கூரைகளைக் கைகாட்டிவிட்டு அடுத்த இயந்திரத்துக்குச் சென்றார்.

என்னிடம் கற்று இன்று தாமும் ஆசிரியராயுள்ள ஒருவரின் பெற்றோர் அத்தகைய கூரையொன்றின் கீழ் வாழ்கின்றனர். நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள அத்தோட்டத்துக்கு இரண்டாம் நாள் மாலை சென்றோம். ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அம்மையார் அப்பொழுதுதான் மலையிலிருந்து இறங்கி, இடுப்பிலே கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிறுவைக்குரிய கிலோ நிறைந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைச் சம்பளம். அன்று முழுப்பேர் கிடைத்ததால் முகத்திலே களைப்போடு ஒரு நிறைவும் இருந்தது.

கவ்வாத்து மிலாறு எரியும் அடுப்பிலே அவர் ரொட்டி சுட்டார். கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்த தடித்த ரொட்டி. அம்மியில் அரைத்த சிவந்த சம்பல். “மாசி போடலைங்க சேர், நீங்க சைவம்னு தம்பி சொல்லிச்சு” என்றார். தோட்ட நிர்வாகம் சம்பளத்திலே பிடித்துக்கொண்டு அரிசியும் மாவும் கொடுத்த காலம் தொட்டு இந்த ரொட்டி அம்மக்களின் கூடவே மலையேறுகின்றது. காலையில் இரண்டு ரொட்டி உண்டால் பகல்வரை சரிவிலே நிற்கலாம் என்பர். என் மகள் நான்கு உண்டாள்.

பின்னர் சாயத்தண்ணி வந்தது; கருமையாக, கடுப்பாக, கையில் ஒரு துண்டு வெல்லத்தோடு. எங்கே வாங்கிய தூள் என்று என் மனைவி கேட்டாள். “ஸ்டோர்ல குடுக்கிற தூள்தாங்க அம்மா. நம்ம பறிக்கிற கொழுந்து எங்க போவுதுன்னு எனக்கு என்னாங்க தெரியும்? நேத்து நீங்க ஹோட்டல்ல குடிச்சது அதுவாத்தான் இருக்கும்” என்று கூறிச் சிரித்தார். அவர் மகன் சிரிக்கவில்லை.

நகரிலே நான் கண்ட விளம்பரப் பலகைகளிலே பேக்கர் உண்டு, பார்ன்ஸ் உண்டு, கிரெகரி உண்டு. இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியிலே எத்தனையோ பேரை நோய்க்குப் பறிகொடுத்து, இம்மலைகளை ஏறியவர்கள் அப்பலகைகளிலே இல்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இதே நுவரெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை சென்றார். அவர்களுக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத்தாலும் நாடும் வாக்கும் அற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று கணக்கு எழுதப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டது 2021ஆம் ஆண்டிலே. அம்மையாரின் தமக்கை ஒப்பந்தப்படி நீலகிரிக்குச் சென்றவர். அவரும் அங்கே தேயிலைதான் பறித்தாராம்.

தோட்டங்களுக்குச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். மலையிலே நிற்கும் பெண்களைக் கேளாமற் படம் பிடிக்காதீர்கள். கூடை நிறைய வேண்டிய நேரத்திலே அவர்களை நிறுத்திச் சிரிக்கச் சொல்வது அவர்களுடைய கிலோவைக் குறைக்கும். தைமாதம் முதல் பங்குனி வரை செல்வது உத்தமம். மழை குறைவு, தேயிலையும் அப்பொழுது தரத்தில் உயர்ந்தது. ஏப்ரில் மாதத்துச் ‘சீசனில்’ கூட்டமும் அறை வாடகையும் தாங்கமாட்டா.

விடைபெறும்போது என் மனைவி ரொட்டியின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டாள். இரண்டு சுண்டு கோதுமை மாவுக்கு ஒரு சுண்டு தேங்காய்ப்பூ, அளவான உப்பு. இளஞ்சூட்டு நீரிலே இறுகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்து, எண்ணெய் தடவாத கல்லிலே சுட வேண்டும். சம்பலுக்குக் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய், உப்பு. இறுதியில் தேசிக்காய்ப் புளி. அதனை அம்மியிலேதான் அரைக்க வேண்டும், மிக்ஸியில் அரைத்தால் தண்ணீர் விட்டுவிடும் என்பது அம்மையாரின் கண்டிப்பான கட்டளை.