பதிப்பெண்ணும் கட்டளை வரியும்

மென்பொருள் ஒன்று பயன்படுத்துவோர் கைக்கு வரும்பொழுது அதன்மேற் பொறிக்கப்பெற்ற இலக்கத்தொடரே பதிப்பெண் எனப்படும். நூலின் பதிப்பு ஆண்டுகள் பல கழிந்தே மாறும். மென்பொருளோ ஒரே நாளிற் பன்முறை மூலநிரலிலிருந்து இயங்கு கோப்பாக ஆக்கப்படுவதுண்டு. பிழை நேர்ந்தவிடத்து, அஃது எந்த ஆக்கத்தில் நேர்ந்தது எனத் துணிவதற்கு இவ்வெண்ணே முதற் சான்று. ஆதலின் எண்ணை எங்கே எழுதிவைப்பது என்னும் வினா அற்பமானதன்று.

இலங்கையில் உருவான பலரினா என்னும் நிரலாக்க மொழியை ஈண்டு நோக்கலாம். 2005 இல் நிறுவப்பெற்ற டபிள்யூ. எஸ். ஓ. 2 நிறுவனத்தார் அதனை ஆக்கினர். 2019 இல் 1.0 என வெளிவந்த அம்மொழி, 2022 இன் தொடக்கத்தில் 2201.0.0 என எண் பெற்றது. முன்னிரண்டு இலக்கம் ஆண்டையும் பின்னிரண்டு மாதத்தையும் சுட்டுவன. அதனை ஆக்கப் பயன்படுங் கருவி கிறேடில். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கணினி பயிலும் நம் மாணவர்க்கும் இக்கருவி பயன்படக்கூடியதே.

கிறேடிலில் 'வேர்ஷன்' என்னும் பெயருக்குரிய மதிப்பைப் பண்புக்கோப்பு ஒன்றில் எழுதிவைக்கலாம். வெளியீட்டுக்கு முந்திய ஆக்கங்களில் எண்ணின் பின்னே 'ஸ்னாப்சொட்' என்னும் வால் ஒட்டியிருப்பது வழக்கம். இன்னும் முடிவுறாதது என்பதே அதன் பொருள். வெளியிடும் வேளையிற் கோப்பைத் திருத்த வேண்டுவதில்லை. ஆக்கக் கட்டளையின் ஈற்றில் ஒரு சிறுகோடு, பெரிய 'பி' எழுத்து, வேர்ஷன் என்னும் பெயர், சமக்குறி, வேண்டிய எண் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதினாற் போதும். கட்டளை வரியின் மதிப்பு பண்புக்கோப்பின் மதிப்பை வெல்லும். கல்முனைப் பக்கத்து அரிசி ஆலையிற் சாக்கின்மேற் குறியிடுவது மூட்டை கட்டும் வேளையிலேயன்றி நாற்று நடும் வேளையிலன்று, இதுவும் அத்தகையதே.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் உள்ளது. ஆக்க நெறியை வகுக்கும் எழுத்துருவிலேயே வேர்ஷனுக்கு நேரடியாக ஓர் எண் கொடுக்கப்பட்டிருப்பின், அவ்வெழுத்துரு பின்னர் இயங்குவதாற் கட்டளை வரியில் வந்த எண் அழிந்துபோம். எச்சரிக்கை யாதும் எழாது. புதிய எண்ணைத் தந்தோம் என்று மகிழ்ந்திருப்பவர் பழைய எண்ணையே வெளியிட்டிருப்பார்! எழுத்துருவில் உள்ள எண்ணை நீக்கிப் பண்புக்கோப்பிற் சேர்ப்பதே நேரிய வழி.

சிலர், எண் தரப்பட்டதா என எழுத்துருவிலேயே வினவி, இல்லாவிடின் மட்டும் ஓர் எண்ணை இடுவர். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வேர்ஷன் என்னும் பண்பு எத்திட்டத்திலும் இயல்பாகவே உள்ளது. ஒருவரும் மதிப்புத் தராவிடினும் 'குறிப்பிடப்படாதது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்று அதில் நிற்கும். ஆகையால் வினாவிற்கு 'உண்டு' என்னும் விடையே எப்பொழுதும் கிடைக்கும். இம்முறையைக் கையாள்வோர் வேறொரு பெயரைத் தெரிந்து, அப்பெயராலேயே கட்டளை வரியில் எண்ணைத் தருதல் வேண்டும்.

எவ்வழியைக் கொண்டாலும், வெளியிடுமுன் அதே கொடியுடன் கிறேடிலின் 'புரொப்பர்ட்டீஸ்' பணியை இயக்கினால், நடப்பிலுள்ள பதிப்பெண் திரையில் தோன்றும். ஒரு நிமிட வேலை.