பசியே இல்லாமல் நள்ளிரவில் சாப்பிடுகிறீர்களா? ‘பின்ஜ் ஈட்டிங்’ பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

இரவு 11 மணி. பசி இல்லை. ஆனாலும் ஆப்பில் பிரியாணி ஆர்டர் போட்டு, யாருக்கும் தெரியாமல் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறீர்கள். நிறுத்த நினைத்தாலும் கை நிற்பதில்லை. அப்புறம், ‘ச்சே, ஏன் இப்படிப் பண்றேன்’ என்ற வெறுப்பு.

எப்போதாவது நடந்தால் பரவாயில்லை. வாரம் ஒருமுறையாவது, 3 மாதங்களுக்குத் தொடர்ந்தால் அது ‘பின்ஜ் ஈட்டிங் டிஸார்டர்’ ஆக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்ததே 2013-ல்தான்.

சாப்பிட்டதை வலிய வாந்தி எடுப்பது ‘புலிமியா’. இதில் அது கிடையாது. அதனால் பலருக்கு எடை ஏறுகிறது. ஒல்லியானவர்களுக்கும் இந்தப் பிரச்னை வரலாம்.

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டாலே உடல் பருமன். உடனே கிடைக்கும் அட்வைஸ், ‘வாயைக் கட்டு’. இவர்களுக்கு அதுவே வினை. காலை, மதியம் பட்டினி கிடந்தால், ராத்திரி கட்டுப்பாடு உடைந்துவிடும். அதனால், சி.பி.டி. எனும் பேச்சு சிகிச்சையில் முதல் வேலையே எடைக் குறைப்பு அல்ல. நேரத்துக்கு மூன்று வேளை சாப்பிடுவது! என்ன சாப்பிட்டோம், அப்போது மனசு எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதவும் சொல்வார்கள்.

2025-ல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ ஊசி? அது சர்க்கரை நோய்க்கும் எடைக்கும்தான். இந்தக் கோளாறுக்கான அங்கீகாரம் அதற்கு இல்லை. ஊசி கேட்டுப் போகிறவர்கள், ராத்திரி சாப்பாட்டுக் கதையையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நேரில் பேசக் கூச்சமா? 14416, மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண். தமிழிலேயே பேசலாம்.