நான்கு தந்தி வாத்தியம்



பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு பௌதிகம் கற்பித்து, பின்னர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தகையவன் பேஸ் கிட்டாரைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். அந்த வாத்தியம் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அதைச் சொல்லவே வந்தேன்.

சாதாரணக் கிட்டாருக்கு ஆறு தந்திகள். பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்கு. அவற்றுள் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மந்தர ஸ்தாயியில் நின்று, தாளத்தையும் சுருதியையும் ஒருசேரத் தாங்குவதே இதன் தொழில். முற்காலத்தில் மேல்நாட்டார் இப்பணிக்கு ஆள் உயரம் உள்ள பெரிய வயலினைப் பயன்படுத்தினர். அதைச் சுமப்பதும் கடினம். மெட்டுகள் இல்லாமையால் சுரத்தைத் தவறாமல் பிடிப்பதும் கடினம். கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ஆம் ஆண்டு, வீணையைப் போல மெட்டுகள் வைத்து, தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுரம் துல்லியமாக விழும் என்பதைக் குறிக்கவே அதற்குப் ‘பிரிசிஷன் பேஸ்’ என்று பெயரிட்டார்.

என் இளைய மகன் கல்லூரியில் பயின்றபோது அவ்வகைக் கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தான். ஒருநாள் மாலை அதைக் கழற்றி, திருகாணிகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தான். “உள்ளதையும் கெடுக்கிறாயே! படிப்பைப் பார்” என்று கடிந்தேன். அவன் மறுமொழி கூறாமல் எல்லாவற்றையும் மாட்டிப் பரணில் ஏற்றிவிட்டான். பின்னர் உத்தியோகம் கிடைத்து வெளிநாடு சென்றான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அதைக் கீழே இறக்கினேன். கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை. ஒலிபெருக்கியில் இணைத்ததும், சுரத்தைக் காட்டிலும் ‘உம்’ என்ற இரைச்சலே மேலோங்கிற்று. ஒரு கடையில் காட்டினேன். பிக்கப்பையும் குமிழ்களையும் மாற்ற வேண்டும், அதைவிடப் புதியதே வாங்கிவிடலாம் என்றார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் வேளையில், ஆசிரியப் பயிற்சியின்போது எனக்குக் கற்பித்த விதி நினைவுக்கு வந்தது: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்.

தெரிந்தது எது? தந்திகளுக்குக் கீழே உள்ள பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியுமே. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831-ஆம் ஆண்டு பாரடே கண்ட உண்மைதான் இது. ஆனால் சுருளுக்குத் தந்தி எது, வீட்டு மின்சாரம் எது என்ற பேதம் தெரியாது. நொடிக்கு 50 சுற்று என்னும் நம் வீட்டு மின்சாரத்தின் துடிப்பையும் அது வாங்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்கவே ஃபெண்டர் நிறுவனம் 1957-ஆம் ஆண்டு சுருளை இரண்டாகப் பிரித்து, இரண்டும் வாங்கும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்குமாறு அமைத்தது. என் மகனின் கிட்டாரிலும் அத்தகைய இரட்டைச் சுருளே இருந்தது. ஆகவே குற்றம் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

தந்தியைத் தொட்டேன், இரைச்சல் மாறவில்லை. கம்பி செருகும் வாயின் உலோகத்தைத் தொட்டேன், உடனே அடங்கிற்று. விளங்கிவிட்டது. நம் உடலும் சுற்றியுள்ள மின்சாரத்தின் துடிப்பை வாங்கி, வாத்தியத்தின் உள்கம்பிகளுக்குத் தரும். தந்திகள் தாங்கும் குதிரையிலிருந்து உள்ளே ஒரு கம்பி சென்று தரையிணைப்பைச் சேருமாயின், தந்தியைத் தொட்ட மாத்திரத்தில் அந்தத் துடிப்பு வடிந்துவிடும். அந்தக் கம்பிதான் அறுந்திருக்கிறது!

குதிரையைக் கழற்றினேன். கம்பியின் முனை புதிதாகச் சுரண்டப்பட்டு, பற்றவைக்கப்படாமல் கிடந்தது. அருகே என் மகன் மாற்ற எண்ணிய மின்தேக்கி, காகிதத்தில் சுற்றியபடி இருந்தது. அன்று அவன் எதையும் கெடுக்கவில்லை. பாதி வேலையில் இருந்தான். முடிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. பௌதிக ஆசிரியனாகிய நான் அதை அவனுக்குத் தரவில்லை. சால்டரிங் இரும்பைச் சூடாக்கி ஒரு பொட்டு ஈயத்தால் கம்பியைச் சேர்த்தேன். இரைச்சல் நின்றது.

பழைய பேஸ் கிட்டார் வாங்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொல்வேன். முதலில் தண்டியை நுனியிலிருந்து நோக்கி, வளைவும் முறுக்கும் உண்டா என்று காண்க. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிப் பார்க்க. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். அதற்கென உள்ள திரவத்தால் துடைத்தால் தீரும். தண்டிக்குள் இருக்கும் எஃகுக் கோலைத் திருகும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருக வேண்டாம். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும், அவ்விடத்தில் விரலை இலேசாகத் தொட்டெடுத்த சுரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்தியது உயர்ந்து ஒலித்தால், அந்தத் தந்தியின் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி நீளத்தைக் கூட்டுக. இவற்றுக்கெல்லாம் பொறுமை வேண்டும், பெருஞ்செலவு வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: ஒலிபெருக்கி எர்த் உள்ள மூன்று முள் செருகியில்தான் இயங்க வேண்டும். அதன் பெட்டியைத் தாமே திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே உயிர்க்கொல்லியான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

மாற்றங்கள் செய்யவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், என்ன ஒலி வேண்டும் என்பது முதலில் தெரிய வேண்டும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பழைய தந்திகளின் மங்கிய ஒலியையே விரும்பி அவற்றை மாற்றாமல் வைத்திருந்தார். ஜாக்கோ பாஸ்டோரியஸோ, மெட்டுகள் நீக்கிய ஜாஸ் பேஸ் ஒன்றின் விரல்பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பாக்ஸி பூசி, பாடுவது போன்ற நாதத்தைப் பெற்றார். ஒருவர் மாற்றாமல் வென்றார். ஒருவர் மாற்றி வென்றார். இருவருக்கும் செவியே குருவாக இருந்தது.

அன்றிரவு என் மகனுக்குத் தொலைபேசியில், “உன் கிட்டார் இப்போது முனகவில்லை. அன்று நான் கடிந்தது பிழை” என்றேன். சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு, “குதிரைக்கு அடியில் உள்ள கம்பிதானே, அப்பா?” என்று கேட்டான். இத்தனை ஆண்டுகளும் அவன் அதை மறக்கவில்லை.

அந்த மின்தேக்கியை நான் மாட்டவில்லை. அது அவனுடைய வேலை. விடுமுறைக்கு வரும்போது அவனே முடிப்பான். நான் விளக்குப் பிடிப்பேன்.