வாயில்லா ஜீவன்களின் மருத்துவர்கள்: நம் ஊருக்கு வந்திருக்கும் இருவர்

காய்ச்சலுடன் வருவோரிடம் எங்கள் பொது மருத்துவப் பிரிவில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் ஆடு, மாடு, நாய், பூனை ஏதேனும் வளர்க்கிறீர்களா?" என்பதே அது. காய்ச்சலுக்கும் மாட்டுக்கும் என்ன தொடர்பு என்று பலரும் வியப்புடன் எங்களை நோக்குவார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் வயலும் தொழுவமும் வீட்டோடு ஒட்டியே இருக்கின்றன. அங்கே வாழும் விலங்கின் உடல்நலம் கெட்டால், அதன் நிழல் வீட்டு மனிதர் மீதும் விழக்கூடும். ஆகவே, மனிதருக்கு மருத்துவம் செய்யும் எங்களுக்கு, விலங்குகளுக்கு மருத்துவம் செய்வோர் அயலார் அல்லர். அவர்கள் எங்கள் பணியின் மறுபாதியைச் செய்பவர்கள்.

நம் ஊர் அரசு கால்நடை மருந்தகத்தில் அண்மையில் இரண்டு கால்நடை உதவி மருத்துவர்கள் பொறுப்பேற்றுள்ளனர். சென்ற மாதம் நம் மருத்துவமனையில் நடைபெற்ற நோயாளர் நலக் கூட்டத்துக்கு அவர்களை அழைத்திருந்தோம். நோயாளிகளும் உடனிருப்போரும் கேட்ட கேள்விகளுக்கு இருவரும் பொறுமையாக விடையளித்தனர். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக அங்கே பேசப்பட்டவற்றைத் தொகுத்து, எங்கள் பக்கத்துக் குறிப்புகளையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இவர்கள் யார்?

இருவரில் ஒருவர் பெண் மருத்துவர். தஞ்சை மாவட்டத்தின் ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கறவை மாடுகளின் சினை, ஈற்று தொடர்பான மருத்துவத்தில் ஈடுபாடு மிக்கவர். மற்றவர் நாமக்கல் கல்லூரியில் பயின்று, நாய், பூனை முதலிய செல்லப் பிராணிகளின் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். இவ்விரு கல்லூரிகளும், 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன.

கால்நடை மருத்துவப் பட்டம் பெற ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் இதே கால அளவுதான். ஆனால் நாங்கள் ஓர் உயிரினத்தின் உடலை மட்டுமே கற்கிறோம். அவர்களோ கோழி முதல் குதிரை வரை பல உயிரினங்களின் உடற்கூற்றைக் கற்கின்றனர். எங்கள் நோயாளி எங்கே வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்வார். அவர்களுடைய நோயாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தீவனம் எடுக்கும் அளவு, அசை போடுதல், சாணத்தின் தன்மை, கண்ணின் ஒளி ஆகியவற்றைக் கொண்டே நோயை அறிய வேண்டும். ஆதலால் விலங்கை அன்றாடம் பார்ப்பவர் சொல்லும் விவரமே அவர்களுக்கு முதற் சான்றாகிறது. உடனிருப்போரின் சொல் மருத்துவருக்கு எவ்வளவு தேவை என்பதை இம்மடலின் வாசகர்கள் நன்கு அறிவார்கள்.

நாய்க்கடி: இரு தரப்பும் சேர்ந்து தடுக்க வேண்டிய மரணம்

வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் ஒருவரைக் காப்பாற்றுவது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக நல்வாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் நாய்களிடமிருந்தே வருகிறது. இறப்போரில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கணிசமானோர். இத்தனைக்கும் இது முழுமையாகத் தடுக்கக்கூடிய நோயாகும்.

1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பிரான்சில் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. விலங்குகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்தே அம்மருந்து பிறந்தது. அந்நாளே இன்று விலங்குவழி நோய்கள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் மாநிலத்தில் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனமும் இந்நோயை எதிர்த்து எழுந்ததே.

கடிபட்டவருக்கு ஊசி போடுவது எங்கள் பணி. கடிக்கும் நாய்க்கு நோய் வராமல் காப்பது கால்நடை மருத்துவரின் பணி. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால், அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். எங்கள் வார்டில் போடும் ஊசி ஒருவரைக் காக்கிறது. மருந்தகத்தில் ஒரு நாய்க்குப் போடும் ஊசி ஒரு தெருவையே காக்கிறது. நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் நாள்களில் மீண்டும் போட வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், பூனை பிறாண்டினாலும், முதலில் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித் தூள் ஆகியவற்றைத் தடவ வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இத்தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. தோலினூடே செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி போடப்படும். காயம் ஆழமாக இருந்தால், காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்பு மருந்து செலுத்த வேண்டியிருக்கும். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டுப் பிறகு ஊசியைத் தொடங்கலாம் என்று காத்திருத்தல் கூடாது. ஊசியை உடனே தொடங்கிவிட்டு, நாயைக் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் விடுவதே முறை.

கூட்டத்தில் பெண் மருத்துவர் ஒரு செய்தியை அழுத்திச் சொன்னார். மாடு வாயில் எச்சில் ஒழுக நின்று, தீவனத்தையோ நீரையோ விழுங்க முடியாமல் தவித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாக எண்ணி உரிமையாளர் கையை உள்ளே விடுவது வழக்கம். அது ரேபிஸாகவும் இருக்கலாம். எனவே வெறுங்கையை மாட்டின் வாய்க்குள் விடாமல், உடனே மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். முன்பே கையை விட்டிருந்தால், அன்றே எங்களிடம் வர வேண்டும்.

பாலும் ஈற்றும்

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி ஆகியவற்றுடன் வருவோர் சிலருக்குக் கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் இருப்பதுண்டு. நோயுற்ற மாட்டின் பாலைக் காய்ச்சாமல் அருந்துவதாலும், சினை கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியையோ நீர்மங்களையோ வெறுங்கையால் தொடுவதாலும் இது தொற்றும். மருந்துகளால் குணமாகக் கூடியதே. ஆனால் பல வாரங்கள் இடைவிடாமல் மருந்து உட்கொள்ள வேண்டும்.

சினையின் கடைசி மாதங்களில் மாடு கன்று வீசினால், அதைத் தீயூழ் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் இந்நோய்க்கான தடுப்பூசி ஒரே முறை போடப்படுகிறது. பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். கறந்த சூட்டில் பச்சைப் பால் குடித்தால் உடலுக்கு வலு என்ற நம்பிக்கையை நோயாளி உள்ள வீட்டில் அறவே கைவிட வேண்டும்.

சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறும் மூதாட்டி ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "டாக்டரம்மா, மாட்டுக்கு ஊசி போட்டா எத்தனை நாளைக்குப் பால் ஊத்தக் கூடாது?"

"அது எந்த மருந்துங்கறதைப் பொறுத்தும்மா. ஊசி போட்டதும் சீட்டுல நாள் எழுதித் தந்துடறேன். அதுவரைக்கும் சொசைட்டிக்கும் ஊத்த வேணாம், வீட்டுலயும் யாரும் குடிக்க வேணாம்" என்றார் மருத்துவர்.

இவ்விடை எங்களுக்கும் நிறைவளித்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மனிதரும் விலங்குகளும் அளவின்றிப் பயன்படுத்துவதால், அவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுகின்றன. மருந்துக் கடையில் தாமாகவே மருந்து வாங்கி மாட்டுக்குக் கொடுப்பதும், தமக்குக் கொடுத்த மாத்திரையை நாய்க்குக் கொடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிருக்கே ஆபத்தாகும்.

மழைக்காலத்து எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீரில் மட்டுமன்றி, நோயுற்ற மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி வெளியேறும். சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காலில் உள்ள வெடிப்பு வழியாக உடலுள் புகும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சட்காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் தாமதியாமல் வாருங்கள். நாய்களுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. தொழுவத்தில் நீர் தேங்காமலும், தீவனத்தை எலி நெருங்காமலும் காப்பது பற்றிப் புதிய மருத்துவர்களிடம் கேட்டறியலாம்.

எதிர்ப்பு ஆற்றல் குறைந்தோர் உள்ள வீட்டில்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோரின் குடும்பத்தினர், "நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் அதற்குத் தேவையிராது. நோயின் தனிமையில் அந்த நாயே துணையாக இருப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆயினும் சில கட்டுப்பாடுகள் தேவை. விலங்கின் மலத்தை அள்ளுவதும், பறவைக் கூண்டைத் துடைப்பதும் வேறொருவரின் பணியாகட்டும். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். பச்சை இறைச்சியை விலங்குக்குக் கொடுக்காதீர்கள். குடற்புழு நீக்க மருந்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள குட்டியை நோயாளியிடமிருந்து விலக்கி வையுங்கள்.

கருவுற்ற பெண்கள் பூனையின் கழிவைத் தொட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி, வெளிவந்து ஒரு நாளுக்குப் பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. எனவே வேறொருவர் நாள்தோறும் கழிவை அகற்றிவிட்டால் அச்சம் பெரிதும் குறையும்.

வீட்டில் இத்தகைய சிகிச்சையில் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லையெனில், "எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறார்" என்றாலே போதும். தடுப்பூசி, புழுநீக்கம், தோல் நோய்ச் சிகிச்சை ஆகியவற்றை அதற்கேற்ப அவர் திட்டமிடுவார்.

"மாட்டை யார் பார்ப்பது?"

மருத்துவமனையில் சேர வேண்டும் என்று நாங்கள் கூறியதும் பலருடைய முதல் கவலை இதுவாகவே இருக்கிறது. கறக்கும் மாட்டையும் சினை ஆட்டையும் விட்டுவிட்டு வர இயலாது என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. இதைப் பிடிவாதம் என்று நாங்கள் கருதுவதில்லை. அது அவர்களின் வாழ்வாதாரம். ஆனால் தள்ளிப்போட்ட நாள்களில் நோய் முற்றிவிடுகிறது. மாட்டைக் காக்க வீட்டில் தங்கியவர், பின்னர் மாட்டை விற்றுச் சிகிச்சை பெறும் நிலைக்கு ஆளாகிறார்.

இதைப் பற்றிப் புதிய மருத்துவர்களுடன் பேசினோம். நோயாளி மருத்துவமனையில் சேரும் முன் ஒரு முறை மருந்தகத்துக்குச் சொன்னால், சினை மாட்டின் ஈற்று நாளைக் கணித்து, தடுப்பூசிகளை முடித்து, பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாருக்கு வேண்டிய அறிவுரைகளையும் எழுதித் தருவதாக இருவரும் கூறினர். திடீரென்று விலங்குக்கு நோய் கண்டால், 1962 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியையும் நாடலாம். மருத்துவமனையில் சேர அஞ்சும் காரணம் எதுவாயினும், அதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். வழி காண முயல்வோம்.

முதல் சந்திப்புக்குச் செல்லும்போது

விலங்குக்கு நோய் வந்த பிறகு பதைபதைத்து ஓடுவதைக் காட்டிலும், நலமாக இருக்கும்போதே ஒரு முறை சென்று அறிமுகம் செய்துகொள்வது நன்று. பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லையெனில் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கேளுங்கள். நாயைக் கயிற்றிலோ சங்கிலியிலோ பிடித்துச் செல்லுங்கள். பூனையைக் கூடையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். மாட்டின் சினை ஊசி போட்ட நாளையும், கடைசியாகக் கன்று ஈன்ற நாளையும் குறித்துச் செல்லுங்கள். வீட்டில் சிறு குழந்தை, கருவுற்ற பெண், முதியவர், நெடுநாள் நோயாளி யாரேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அவ்வாறே எங்களிடம் வரும்போதும் உங்கள் விலங்குகளைப் பற்றிச் சொல்லுங்கள். அண்மையில் மாடு கன்று வீசியதா, நாய் காரணமின்றி இறந்ததா, கோழிகள் ஒரே நாளில் மடிந்தனவா என்பவை எங்களுக்கு முக்கியமான தகவல்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை அவையே தீர்மானிக்கக்கூடும்.

உங்கள் இசைவுடன், தேவைப்படும்போது இரு தரப்பு மருத்துவர்களும் கலந்து பேசுவதென முடிவு செய்துள்ளோம். அதன் முதற்படியாக, எங்கள் புறநோயாளிச் சீட்டில் "வளர்ப்பு விலங்குகள்" என்றொரு கட்டம் இம்மாதம் முதல் சேர்க்கப்படுகிறது. அதை வெறுமையாக விடாமல் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.