பழைய காரின் பிளாஸ்டிக் உடைந்தால்...

நம் புனே தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய கார் ஒன்று வீட்டு மனிதரைப் போலவே இருந்து வருகிறது. எங்கள் வீட்டில் அது 1997-ஆம் ஆண்டு மாருதி 800. எஞ்சின் இன்றும் முதல் சாவியில் கிளம்புகிறது. ஆனால் இன்று டாஷ்போர்டின் காற்றுத் துவாரத் தட்டு, நாளை கண்ணாடி மூடி, அடுத்த வாரம் பம்பரின் ஓரம் என்று பிளாஸ்டிக் பாகங்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. நம் பிம்ப்ரியில் உருவாகி 1998-இல் அறிமுகமான டாடா இண்டிகாவும் 2018-இல் விடைபெற்றது. எனவே, எதை ஒட்டலாம், எதை ஒட்டவே கூடாது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிளாஸ்டிக் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஆண்டுக்கணக்கில் பட்டுப் பட்டு அச்சங்கிலிகளை அறுத்துவிடுகின்றன. முன்பு வளைந்து கொடுத்த பாகம் அப்பளம் போல் நொறுங்குவது இதனால்தான்.

முதலில் இனம் காணுங்கள்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. உடைந்தவுடன் பசைக் குழாயைத் தேடாதீர்கள். பாகத்தைத் திருப்பி, பின்புறம் 'ஏ.பி.எஸ்.' அல்லது 'பி.பி.' என்று ஆங்கில எழுத்துகள் பதிந்துள்ளனவா என்று பாருங்கள். பி.பி. என்பது பாலிபுரோப்பிலீன்.

எழுத்து இல்லையென்றால், சிறு சீவலைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பி.பி.; மூழ்கினால் ஏ.பி.எஸ். ஆக இருக்கலாம். டால்க் கலந்த பி.பி. பம்பரும் மூழ்கக்கூடும் என்பதால், மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். ஏ.பி.எஸ். பிசுபிசுவென்று இளகும், பி.பி. அசையாது.

ஏ.பி.எஸ். என்றால்

சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் தேயுங்கள். அதே இனப் பிளாஸ்டிக்கின் சீவல்களை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகிவிடும். விரிசலைச் சேர்த்து முன்புறம் டேப் ஒட்டி, பின்புறம் இக்கூழைப் பூசி ஒரு நாள் விட்டுவிடுங்கள். இரு துண்டுகளும் கரைந்து ஒன்றாகிவிடும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பங்கரையில் இவ்வேலை வேண்டாம்.

உடைந்துபோன சிறு காதுகளுக்கு ஆப்ப சோடா உதவும். உடைந்த இடத்தில் சோடாவைத் தூவி, உடனடிப் பசையை ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்லாகும். சூடும் புகையும் எழும். முகத்தை விலக்கிக் கொள்ளுங்கள்.

பி.பி. என்றால்

சாதாரணப் பசைகள் இதில் ஒட்டுவது போல் ஒட்டி, பிறகு தோலாக உரிந்து வரும். இதை உருக்கித்தான் இணைக்க வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் 2 அல்லது 3 மி.மீ. துளை போட்டால் விரிசல் மேலும் ஓடாது. பின்புறம் சால்டரிங் அயர்ன் கொண்டு இரு விளிம்புகளையும் உருக்கிச் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையை அதில் பதியுங்கள். மேலே வேறொரு பி.பி. துண்டை உருக்கி நிரப்புங்கள். இது முடியாதவர்கள் இருபுறமும் துளையிட்டு, செருப்புத் தைப்பது போல் மெல்லிய கம்பியால் பம்பரைத் தைத்துவிடலாம்.

தொடக்கூடாதவை

பிரேக் ஆயில் டப்பா, பெட்ரோல் குழாய், சீட் பெல்ட் பாகங்கள், ரேடியேட்டரைச் சேர்ந்த பாகங்கள் ஆகியவற்றை ஒட்டவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்து கொண்டேன். 2018 மே மாதம் குடும்பத்துடன் சேலம் கிளம்பினோம். ரேடியேட்டர் நீர் வழிந்து சேரும் பிளாஸ்டிக் பாட்டிலில் மயிரிழை விரிசல். முதல் நாள் இரவு அதன்மேல் பசை பூசி, "வேலை முடிந்தது" என்று பெருமையடித்துக் கொண்டேன். வழியில் ஹூப்ளியில் இரவு தங்கினோம். சூட்டில் பசை உரிந்து பாட்டில் காலியாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இரவில் எஞ்சின் குளிர்ந்தபோது ரேடியேட்டர் நீருக்குப் பதில் காற்றை உறிஞ்சிக் கொண்டது. மறுநாள் ஹாவேரிக்கு முன்பே சூட்டுமானி முள் சிவப்பைத் தொட்டது. எழுபது வயது அம்மா, சாலையோரம் நிழல்கூட இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் குடையுடன் உட்கார்ந்திருந்தார். புது பாட்டிலின் விலை, அன்று நாங்கள் சாப்பிட்ட மதிய உணவைவிடக் குறைவு!

புனேயில் எங்கே?

நானா பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் முதலில் விசாரியுங்கள். ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரிலும் தேடிப் பார்க்கலாம். உடைந்த பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். பெயர் தெரியாவிட்டாலும் காட்டிக் கேட்கலாம். பழைய பாகம் வாங்கும்போது லேசாக வளைத்துப் பாருங்கள். வெளுத்து விறைத்திருந்தால் அதுவும் நம்முடையதைப் போல் வெயிலில் மூத்ததுதான்.

15 ஆண்டு முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. பரிசோதனை உண்டு; தேறினால் மேலும் 5 ஆண்டுகள் ஓட்டலாம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிப் பாருங்கள். அழகுக்கான பாகமா, தாராளமாக ஒட்டுங்கள். உயிரைக் காக்கும் பாகமா, கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கள்.